மேல் வரப்பும் கீழ் வரப்பும்

மாவ்ரோலிதி
12 ஏப்ரல் 1986

அன்புள்ள அண்ணா லாம்ப்ரோஸுக்கு,

உன் தங்கை அசிமினா எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அண்ணியும் பிள்ளைகளும் நீயும் அந்த ஜெர்மன் குளிரைத் தாண்டி வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா இறந்த நாற்பதாம் நாள் பூசைக்குப் பிறகு ஸ்டுட்கார்ட்டிலிருந்து எனக்கு வந்ததெல்லாம் கிறிஸ்துமஸ் அட்டை மட்டும்தான். அதுவும் அண்ணியின் கையெழுத்தில். உன் பேனாவில் மை தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

ஊரில் ஈஸ்டர் ஏற்பாடுகள் நடக்கின்றன. கிட்சோஸ் தன் காபிக் கடை நாற்காலிகளுக்கெல்லாம் புதிதாகத் தன் கட்சி நீலம் அடித்தான். அதைப் பார்த்த மறுநாளே எதிர்ப்பக்கத்தில் ஃபோட்டிஸ் தன் கடை நாற்காலிகளுக்குத் தன் கட்சிப் பச்சை அடிக்க ஆரம்பித்துவிட்டான். பெயின்ட் காய்வதற்குள் பாதிரியார் போய் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது அங்கியின் பின்பக்கமெல்லாம் பச்சை. பாதிரியார் கட்சி மாறிவிட்டார் என்று நீலக் கடையில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முழுக்கப் படிக்காமல் கிழிக்கக் கூடாது.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். அப்பா ஊர்த் தலைவராக இருந்தபோது மலைமேல் தொட்டி கட்டி வீடுகளுக்குக் குழாய் இழுத்தார். மலை ஊற்று வற்றிக்கொண்டே வந்து இப்போது மே மாதத்திலேயே தொட்டி காய்ந்துவிடுகிறது. அப்பாவுக்குப் பிறகு வந்த பச்சைக்காரர்கள் ஆற்றோரம் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் வைத்தார்கள். தண்ணீர் கொட்டுகிறது. ஆனால் நீலக்காரன் கட்டிய தொட்டி நமக்கு எதற்கு என்று தாங்களே ஒரு தொட்டி கட்டப் போனார்கள். அஸ்திவாரத்தோடு பணம் தீர்ந்துவிட்டது. ஆக, தொட்டி இருக்கிறது, தண்ணீர் இல்லை. தண்ணீர் இருக்கிறது, தொட்டி இல்லை. நடுவில் நாங்கள் வெயிலில் டாங்கர் லாரிக்குக் காத்து நிற்கிறோம். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

தொட்டியிலிருந்து இறங்கும் அப்பாவின் குழாய் உன் நிலத்தின் மேல் வரப்பில் வந்து நிற்கிறது. கிணற்றிலிருந்து ஏறும் இவர்களின் குழாய் கீழ் வரப்பில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது அப்பா உனக்கு எழுதிவைத்த நிலம். அதன் குறுக்கே ஒரு குழாய் போட்டால் போதும், கோடையிலும் வீட்டுக்கு வீடு தண்ணீர் வரும். போன வருஷம் மட்டும் எத்தனை குடும்பங்கள் கார்டிட்சா டவுனுக்குக் குடிபோயின தெரியுமா? இன்னொரு கோடை இப்படிப் போனால் மிச்சமிருப்பவர்களும் மூட்டை கட்டிவிடுவார்கள்.

நிலம் உன்னுடையது. உன் சம்மதம் வேண்டும், அண்ணா. அதைக் கேட்கத்தான் எழுதினேன்.

தபால்காரனை வழிமறித்து நிற்கப்போகும்
உன் தங்கை
அசிமினா

என் வீட்டுக்காரர் மாந்தோஸும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.


ஸ்டுட்கார்ட்
27 ஏப்ரல் 1986

அசிமினாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். கிழிக்கவில்லை, இரண்டு தடவை படித்தேன். பதில் ஒன்றுதான். முடியாது.

ஏன் என்று கேட்பாய். அப்பா உயிரோடு இருக்கும்போதே அவருடைய தொட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். அவர் பெயர் செதுக்கிய கல்லையும் விடாமல் சுவர் முழுக்கப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். தினமும் சாயங்காலம் அவர் மலையேறிப் போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்கி வருவார் என்று நீதான் எனக்கு எழுதினாய். அந்தப் பூட்டுக்குக் கை தூக்கியவர்களில் உன் புருஷனும் ஒருவர்.

அக்டோபரில் ஊர்த் தேர்தல் வருகிறது. என் அப்பாவின் நிலத்தைத் தோண்டிக் குழாய் போட்டுவிட்டு, இது பச்சை கொண்டுவந்த தண்ணீர் என்று என் பாதாம் மரத்திலேயே போஸ்டர் ஒட்டுவார்கள். அதற்கு நான் இங்கிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமா? நான் மானத்தோடு இருந்துவிட்டுப் போகிறேன்.

இங்கேயும் நம் நாட்டுக்காரர்களுக்கு இரண்டு சங்கம் இருக்கிறது, ஒரே தெருவில் எதிரெதிரே. இத்தனை வருஷத்தில் நான் பச்சைச் சங்கத்துப் படியை மிதித்ததில்லை. அவர்களும் எங்கள் பக்கம் வந்ததில்லை. எல்லோரும் நிம்மதியாகத்தான் இருக்கிறோம். எதிரே இருப்பவனோடு பேசியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பிள்ளைகளுக்கு ஈஸ்டர் வாழ்த்துச் சொல்.

லாம்ப்ரோஸ்

மேல் வரப்புப் பாதாம் மரம் இந்த வருஷம் காய்த்திருக்கிறதா?


மாவ்ரோலிதி
20 மே 1986

என் அண்ணா,

பாதாம் காய்த்திருக்கிறது. உன் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வரி மட்டும்தான்.

கோபத்தை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன், பிறகு சிரிக்கச் சிரிக்க ஒரு செய்தி இருக்கிறது. அப்பா எனக்கும் அப்பாதான். கடைசிக் குளிர்காலத்தில் அவரைத் தூக்கி உட்காரவைத்து ஸ்பூனால் கஞ்சி கொடுத்தவர், உன் புருஷன் உன் புருஷன் என்று எழுதுகிறாயே, அந்த மனிதர்தான். நாற்பதாம் நாளன்று நீ என் வீட்டு வாசல்வரை வந்தாய். உள்ளே வராமல் அப்படியே திரும்பி கிட்சோஸ் கடைக்குப் போனாய். ஊரே பார்த்தது. மேஜையில் உன் தட்டு இருந்தது. இதை இத்தனை நாள் எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன், எழுதிவிட்டேன். சரி, போகட்டும்.

இனி ஊர்க்கதை. டாங்கர் வரும் நாட்களில் பெண்கள் எல்லோரும் சதுக்கத்தில் நிற்போம். அங்கேயும் எங்களுக்குள் கோடு உண்டு. நீலத்து வீட்டுப் பெண்கள் கோவில் சுவர் ஓரமாக, நாங்கள் பெரிய மரத்தடியில். ஆனால் ஹோஸ் முதலில் போவது இரண்டு காபிக் கடைகளுக்கும்தான். அது எப்போதிருந்தோ அப்படி. போன வாரம் லாரி பாதித் தண்ணீரோடு வந்தது. கடைகளுக்குக் கொடுத்தால் எங்களில் பலருக்குக் கிடைக்காது. அப்போது யார் போய் ஹோஸைப் பிடித்தாள் என்று நினைக்கிறாய்? கிட்சோஸ் பெண்டாட்டி வாசிலோ. நாற்பதாம் நாளிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள்.

"ரெண்டு கடையிலயும் உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டே தண்ணிக்காக சண்டை போடுறாங்க. அந்தக் காபிக்கும் நாமதான் தண்ணி விடுறோம்," என்றாள். "இன்னிலேர்ந்து என் வீட்டுக்காரர் கடைக்கும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. அசிமினா, வா, நீ இந்த முனையப் பிடி."

நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வேன்?

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மாவ்ரோலிதியில் காபி இல்லை. ஆண்கள் காலையில் வந்து வெறும் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்சோஸ் வீட்டிலிருந்து திருட்டுத்தனமாக ஒரு குடம் எடுத்து வரப் பார்த்தான், வாசிலோ வாசலிலேயே பிடித்துவிட்டாள். ஃபோட்டிஸ் சோடாவில் காபி போட்டுப் பார்த்தான். அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. அதை நீலக் கடையிலிருந்து பார்த்துச் சிரித்தவர்களுக்கும் குடிக்க ஒன்றும் இல்லை.

கடைசியில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் அனுப்பி, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றே ஒன்று கேட்டோம். எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து இந்தத் தண்ணீர் விஷயத்தைப் பேசி முடிக்க வேண்டும், கடையில் இல்லை, கோவிலிலும் இல்லை, பள்ளிக்கூட முற்றத்தில். ஒப்புக்கொண்டார்கள். பள்ளி விடுமுறை விட்டதும் கூட்டம்.

அண்ணா, எனக்கு இந்த ஊரை நினைத்துக் கோபம்தான் வந்திருக்கிறது எப்போதும். இந்த வாரம் முதல்முறையாகப் பெருமையாக இருக்கிறது.

அன்புடன்
அசிமினா


ஸ்டுட்கார்ட்
5 ஜூன் 1986

மினா,

நாங்கள் சுகம். ரஷ்யாவில் அணு உலை வெடித்ததிலிருந்து உன் அண்ணி கீரையைக் கண்ணில் காட்டுவதில்லை. பால்கூட டப்பாப் பால்தான்.

சோடாக் காபியைத் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். நம் ஆட்கள் சிரித்ததைப் பார்த்துத் துருக்கிக்காரர்கள் என்னவென்று கேட்டார்கள், அவர்களுக்கும் சொன்னேன். பக்கத்து மேஜையில் ஸ்தாதிஸ் என்று ஒருவன், பச்சைச் சங்கத்து வெல்டர். அவனும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரே ஷிஃப்டில் ஒன்பது வருஷமாக இருக்கிறோம், அன்றுதான் அவன் சிரித்து நான் பார்த்தேன்.

ஆனால் நீ ஏமாந்துபோகக் கூடாது. கூட்டத்தில் கிட்சோஸ் தொண்டை கிழியக் கத்துவான், ஃபோட்டிஸ் பழைய தேர்தல் கதையை எடுப்பான், எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். அந்த ஆட்களை எனக்குத் தெரியும். யார் தலைமை? பாதிரியாரா? அவர் அங்கி இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறதா?

என் நிலத்தைப் பற்றி அங்கே பேச வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் சொன்னது சொன்னதுதான்.

மேஜையில் தட்டு இருந்தது எனக்குத் தெரியாது.

லாம்ப்ரோஸ்


மாவ்ரோலிதி
24 ஜூன் 1986

அன்புள்ள அண்ணா,

தலைமை யார் என்று கேட்டாயே. நான்தான்.

நானாகப் போய் உட்காரவில்லை. பாதிரியார் வேண்டாம் என்று பச்சைப் பக்கம் சொன்னது, வாத்தியார் வேண்டாம் என்று நீலப் பக்கம் சொன்னது. அப்போது வாசிலோ எழுந்து, "இவ அப்பா நீலம், புருஷன் பச்சை. ரெண்டு பக்கமும் திட்டுறதுக்கு வசதியா இருப்பா," என்றாள். அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

நாற்காலிகளை நாங்கள் பெண்கள்தான் இரண்டு கடையிலிருந்தும் தூக்கிவந்தோம். ஃபோட்டிஸ் ஆட்கள் நிற்கிற பக்கம் நீல நாற்காலிகள், கிட்சோஸ் ஆட்கள் பக்கம் பச்சை. முதலில் ஒருவரும் உட்காரவில்லை. கால் வலி வந்ததும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கிட்சோஸ் மட்டும் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, "ஆடாம உட்காருங்கடா, அது என் நாற்காலி," என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

நீ எழுதினபடியேதான் ஆரம்பித்தது. ஒரே கூச்சல். ஆனால் நடுவில் ஸிசிஸ் இருந்தார். உனக்கு நினைவிருக்கும், சுண்ணாம்புக் காளவாய் ஸிசிஸ். இப்போது காது சுத்தமாகப் போய்விட்டது. அவர் எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கேட்டால் அவருக்குக் கேட்காது. அன்று ஒவ்வொன்றையும் தனக்குச் சொல்லியாக வேண்டும் என்று அடம்பிடித்தார். ஃபோட்டிஸ் பேசியதைப் பக்கத்திலிருந்த பச்சைக்காரன் காதில் கத்தினான். உடனே கிட்சோஸ், அவன் கூடச் சேர்த்துச் சொல்கிறான் என்றான். கிட்சோஸ் பேசியதை நீலக்காரன் கத்தினான். இவன் பாதியை விழுங்கிவிட்டான் என்றான் ஃபோட்டிஸ்.

எனக்கு வந்ததே ஆத்திரம். மேஜையைத் தட்டி, இனிமேல் பச்சை பேசினால் நீலம்தான் ஸிசிஸுக்குச் சொல்ல வேண்டும், நீலம் பேசினால் பச்சை சொல்ல வேண்டும் என்றேன். பேசினவர் தலையைச் சாய்த்தால் சரியாகச் சொன்னதாக அர்த்தம். முகவாயைத் தூக்கினால் இல்லை, மறுபடி சொல்ல வேண்டும். அதுவரை யாரும் பதில் பேசக் கூடாது. யோசித்துச் சொல்லவில்லை, அண்ணா. அவர்கள் வாயை மூட வேறு வழி தெரியாமல் சொன்னேன்.

கிட்சோஸ் எழுந்து, "தொட்டி இல்லாம உங்க மோட்டார் தண்ணிய எங்க கொண்டுபோய் வைக்கும், வானத்துலயா?" என்றான். ஃபோட்டிஸ் ஸிசிஸ் காதில் போய், "எங்க மோட்டார்ல நிறைய தண்ணி வருதாம்," என்றான். கிட்சோஸின் முகவாய் மேலே போனது. சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. ஃபோட்டிஸ் மறுபடி சொன்னான், மறுபடி மேலே போனது. கடைசியில் வேர்த்துக் கொட்ட, "தொட்டி இல்லாம எங்க மோட்டாரால பிரயோஜனம் இல்லன்னு சொல்றான்," என்று கத்தினான். கிட்சோஸ் தலையைச் சாய்த்தான். அடுத்தது ஃபோட்டிஸ் முறை. ஊற்று வற்றினது யார் தப்பும் இல்லை, ஆனால் வற்றிவிட்டது என்று ஒத்துக்கொள்ள நீலத்துக்கு மனம் வரவில்லை என்றான். அதைக் கிட்சோஸ் வாயால் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்காதே. சொன்னான்.

பிறகு கிட்சோஸ் அப்பாவைப் பற்றி எடுத்தான்.

"அப்போஸ்தொலிஸ் உயிரோட இருக்கும்போதே அவர் தொட்டிக்குப் பூட்டு போட்டீங்க. அவர் பேர் மேல பெயின்ட் அடிச்சீங்க. அவர் தினம் மலையேறி அதப் பார்த்துட்டு வந்தாரு. உங்கள்ல ஒருத்தனாவது அவர்கிட்டப் போய் ஒரு வார்த்தை பேசினீங்களா?"

பச்சைப் பக்கத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். யார் சொல்லப்போகிறார்கள் என்று நானும் பார்த்தேன். மாந்தோஸ் எழுந்தார்.

ஸிசிஸ் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார். கேட்கவில்லை என்று ஸிசிஸ் கையை ஆட்டினார். உரக்கச் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை நிமிர்ந்து நின்று ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னார். பூட்டு, பெயின்ட், மலையேற்றம், ஒருத்தனும் பேசாதது, எல்லாவற்றையும், ஒரு சொல்லையும் விடாமல். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. ஸிசிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டுடுச்சு மாந்தோஸ். உட்காரு," என்றார். முதல் தடவையே கேட்டிருக்கும் என்கிறாள் வாசிலோ. எனக்குத் தெரியாது.

கிட்சோஸ் உடனே தலையைச் சாய்க்கவில்லை. மாந்தோஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு சாய்த்தான். நான் தலைமையில் இருப்பதை மறந்து அழுதுவிட்டேன். என் புருஷன் அன்று எழுந்து நின்றாரே, அந்தப் பெருமை எனக்குச் சாகும்வரை போதும்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. பச்சையின் தண்ணீரை அப்பாவின் தொட்டியில் ஏற்றுவது என்று முடிவானது. தேர்தல் போஸ்டரில் இரண்டு கட்சியும் தண்ணீர் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று எழுதிக் கிட்சோஸும் ஃபோட்டிஸும் கையெழுத்துப் போட்டார்கள். உன் நிலத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, நீ சொன்னபடி. ஆனால் உன் கட்சிக்காரனே ஒருவன், நிலத்தைச் சட்டப்படி எடுத்துவிடலாம், அவன் ஜெர்மனியில் இருந்துகொண்டு என்ன செய்வான் என்றான். அதற்கு மாந்தோஸ், "எங்க எல்லாருக்கும் பேச இடம் கிடைச்சுது. லாம்ப்ரோஸ் சொல்றத மட்டும் இன்னும் யாரும் கேக்கல. அதைக் கேக்காம அந்த நிலத்துல ஒரு மண்வெட்டி இறங்கக் கூடாது," என்றார். பச்சை நாற்காலியில் இருந்த நீலக்காரர்கள்தான் முதலில் கை தூக்கினார்கள்.

இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பக்கத்து ஆட்களும் மலையேறித் தொட்டிச் சுவரைச் சுரண்டினார்கள். வெள்ளை அடித்தாயிற்று. அப்பா பெயர்க் கல்லை மாந்தோஸ் சின்னக் கத்தியால் எழுத்து எழுத்தாகச் சுரண்டினார். இது உன் சம்மதத்துக்குக் கொடுக்கும் விலை இல்லை. நீ முடியாது என்றாலும் அந்தப் பெயர் இனி அங்கேதான் இருக்கும்.

என்ஜினியர் வந்து பார்த்தார். குழாய் வாய்கள் இரண்டும் ஒரே அளவில்லை, அப்பாவுடையது குறுகல், இவர்களுடையது அகலம். இணைக்க ரெடியூசர் என்ற இணைப்புத் துண்டு வேண்டும், அது ஏதென்ஸிலிருந்து வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்கிறார். அளவுகளை ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் வரைந்து கொடுத்தார். நீ லேத் பட்டறையில் இருப்பவன், பார்க்க ஆசைப்படுவாய் என்று உள்ளே வைத்திருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

இப்போது உன் முறை. நீ சொன்னதை நான் சொல்கிறேன், சரியா என்று பார்.

நீ சொன்னது: "எனக்குக் குழாயும் பெரிதில்லை, தண்ணீரும் பெரிதில்லை. என் அப்பா செய்த நல்ல காரியத்தை அவர் கண் முன்னாலேயே ஒன்றுமில்லாமல் ஆக்கினார்கள். நான் அவர் பக்கத்தில் இல்லை, தூரத்தில் இருந்தேன். அவருக்காக நிற்க எனக்கு மிச்சமிருப்பது அந்த நிலம் ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?"

சரியென்றால் தலையைச் சாய். இல்லையென்றால் முகவாயைத் தூக்கு. மறுபடி எழுதுகிறேன்.

உன் தங்கை
அசிமினா


ஸ்டுட்கார்ட்
27 ஜூலை 1986

என் அருமைத் தங்கை மினாவுக்கு,

தலையைச் சாய்த்தேன். சமையலறையில் தனியாக உட்கார்ந்து கடிதத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறேனே என்று உன் அண்ணி பயந்துபோய் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சம்மதக் கடிதம் தனியாக இதற்குள் இருக்கிறது, தூதரகத்தில் முத்திரை வாங்கியது. நிலத்தின் குறுக்கே தோண்டிக்கொள்ளுங்கள். பாதாம் மரத்து வேரை மட்டும் விட்டுத் தோண்டச் சொல்.

ரெடியூசர் ஆர்டர் கொடுத்துவிட்டார்களா? கொடுத்திருந்தால் நிறுத்தச் சொல். உன் சிகரெட் அட்டையைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஃபோர்மேனிடம் கேட்டுச் சாப்பாட்டு நேரங்களில் லேத்தில் கடைந்தேன். ஆனால் வெல்டிங் என் வேலை இல்லை. எங்கள் சங்கத்தில் வெல்டர் யாரும் கிடையாது. எதிர்ச் சங்கத்தில்தான் இருக்கிறான்.

அதனால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெருவைக் கடந்தேன். படியேறி உள்ளே போனதும் சீட்டு விளையாட்டெல்லாம் நின்றுவிட்டது. யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று ஸ்தாதிஸ் கேட்டான். நான் உன் கடிதத்தை எடுத்து, கூட்டம் நடந்த பகுதியை உரக்கப் படித்தேன். ஃபோட்டிஸ் வேர்த்துக் கொட்டின இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மாந்தோஸ் எழுந்த இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை. ஸ்தாதிஸ் கடிதத்தை வாங்கி மிச்சத்தைப் படித்தான். முடித்ததும் ஒரு பெரியவர், அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய பெண் யார், வக்கீலா என்று கேட்டார். என் தங்கை என்றேன். மினா, இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இவ்வளவு நிமிர்ந்து நின்று நான் எதையும் சொன்னதில்லை.

வெல்டிங்கை ஸ்தாதிஸ் செய்து கொடுத்தான். காசு வேண்டாம் என்றான். தண்ணீர் வந்ததும் அதில் போட்ட காபி எப்படி இருந்தது என்று எழுதினால் போதுமாம், சோடாவில் போட்டது வேண்டாமாம். இப்போது வெள்ளிக்கிழமைகளில் இரண்டு சங்கத்திலும் மாறி மாறி உட்காருகிறோம். சண்டை குறையவில்லை. ஆனால் எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திட்டுகிறோம்.

மாதா திருநாளுக்கு ஊருக்கு வருகிறேன். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி கார்டிட்சா பஸ்ஸில். பெட்டியில் பாதி இடத்தை ரெடியூசர் எடுத்துக்கொண்டுவிட்டது, உன் அண்ணி தன் செருப்புகளை வைக்க இடமில்லை என்று கோபத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளையிடம் சொல், அதைப் பொருத்தும்போது ஒரு ஸ்பேனர் அவர் கையில், ஒன்று என் கையில். மேல் வரப்புக் குழாயை அவர் பார்த்துக்கொள்ளட்டும், கீழ் வரப்புக் குழாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி என் முறை. நீ சொன்னதை நான் சொல்கிறேன்.

நீ சொன்னது: "அப்பா எனக்கும் அப்பாதான். சுவர் பச்சையானபோது நானும் அழுதேன், ஆனால் யாரிடமும் போய் அழ முடியாமல் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றேன். அப்பாவைக் கடைசிவரை தாங்கியது என் வீடு. அந்த வீட்டு வாசலில் நின்று நீ திரும்பிப் போனபோது, செத்தது அப்பா மட்டும் இல்லை, எனக்கு அண்ணனும் இல்லாமல் போனான். அன்றைக்கு உன் தட்டை நான் மேஜையிலிருந்து எடுக்கவே இல்லை."

இதில் பாதியை நீ எழுதவில்லை. எனக்குக் கேட்டதைச் சொல்லியிருக்கிறேன். சரியா தப்பா என்று பதில் எழுத வேண்டாம். பஸ் நிற்கும் இடத்தில் வந்து நில். நான் இறங்கியதும் நீ தலையைச் சாய்த்தால், நேரே உன் வீட்டுக்கு வந்து அந்தத் தட்டின் முன்னால் உட்காருவேன். முகவாயைத் தூக்கினாலும் திரும்பிப் போக மாட்டேன். அங்கேயே வெயிலில் பெட்டியோடு நின்று, நீ தலையைச் சாய்க்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்வேன்.

உன் அண்ணன்
லாம்ப்ரோஸ்